என் வீட்டுக்கு நானே கொடுத்த நோட்டீஸ்

காலை ஆறு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. என் சக ஆய்வாளன் ஸ்டீபன் வீட்டுப் பின்புறத்தில் நான்கு கோழிகள் செத்துக் கிடக்கின்றன, இன்னும் இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டம் சுற்றுகின்றன என்று அவனுடைய அடுத்த வீட்டுக்காரர் சொன்னார். பக்கத்து மாநிலத்தில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று நாளேடுகள் எழுதிக்கொண்டிருந்த 2014ஆம் வருடக் கடைசி அது. ஒரு சுகாதார ஆய்வாளனுக்குக் கவலை வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது.

போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் என்னைத் தேடி வந்தார்கள். வீட்டுப் பின்புறம் கோழி வளர்க்க முன்அனுமதி, கூட்டுக்கு அளவு, எண்ணிக்கைக்கு வரம்பு என்று ஊரில் புது விதிகள் வரப்போகின்றனவாம். பழைய அனுபவங்களை எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். யார் அனுப்பினார்கள் என்று விசாரித்தேன். “ஸ்டீபன் சார்தான். கோழி விதிகளில் உங்களைப் போல ஆள் கிடையாது என்று சொன்னார்” என்றார்கள். பாராட்டுவதிலும் அவன்தான் முந்திக்கொண்டான். விதிகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் அவனிடமே வந்து நிற்கிறது.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வருடம் கொசுப் புழு, கிணற்றுக் குளோரின், பிறப்பு இறப்புப் பதிவு, ஹோட்டல் அடுக்களை. கோழிக்கு அரை மணி நேர வகுப்புகூட இல்லை. நானும் ஸ்டீபனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் சுசீந்திரத்துக்காரன், அவன் கடியப்பட்டணம். நான் இரண்டு வயது மூத்தவன் என்பதால் என்னை அண்ணாச்சி என்பான். வெவ்வேறு ஊர்களில் அலைந்துவிட்டு, 2004இல் இருவரும் ஒரே நகராட்சிக்கு மாற்றலாகி வந்தோம். அங்கேதான் செல்லத்துரை சார் எங்களுக்குச் சுகாதார அலுவலராக வாய்த்தார்.

கோழிப் புகார் வந்தால் முதல் தடவை அவரே எங்களோடு வருவார். வாசலில் நின்று எங்கள் இருவர் பேனாவையும் வாங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொள்வார். பத்து நிமிடம் யாரும் எதுவும் எழுதக் கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, புகார் சொன்னவரின் அடுக்களை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்ப்பார். அப்புறம் குனிந்து கூட்டின் தரையிலிருந்து ஒரு கை மணலை அள்ளிப் பிசைவார். ஈரமாக இருந்தால் ஈ வரும். தீவனம் மூடியுள்ள தகர டின்னில் இருக்கிறதா, சாக்கில் இருக்கிறதா என்று பார்ப்பார். சாக்கில் இருந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கூட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே அளவு நாடா பிடிக்கச் சொல்வார். கடைசியில் வீட்டுக்காரரிடம் ஒரே கேள்விதான் கேட்பார்.

“கோழியத் தொட்டா எங்க போய் கை கழுவுவிய? அந்த எடத்தக் காட்டுங்க.”

அங்கே சோப்பு இருக்க வேண்டும். காய்ந்து வெடித்துப்போன சோப்பாக இருந்தால், “இது எங்களுக்காவ வச்ச சோப்புல்லா” என்பார். அதற்குப் பிறகுதான் பேனா எங்கள் கைக்கு வரும்.

மூன்று விஷயங்களில் அவர் யாருக்கும் இளக மாட்டார். புதுக் கோழியோ குஞ்சோ வந்தால் மூன்று வாரம் தனிக் கூட்டில் விட வேண்டும். ஒரு கோழி செத்தால் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு செத்தால் புதைக்கவே கூடாது. கையுறை போட்டு இரட்டைப் பையில் கட்டி வைத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இந்த மூன்றையும் எத்தனை வீட்டு முற்றத்தில் நின்று ஒப்பித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. என் குரலில் அது சட்டமாகத்தான் கேட்கும். ஸ்டீபன் சொன்னால் அதே விஷயம் வீட்டு நலம் விசாரிப்பது போல இருக்கும்.

ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் சண்டைச் சேவல் ஒன்று வளர்த்தார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே அது கூவத் தொடங்கிவிடும். எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். நான் மூன்று நோட்டீஸ் கொடுத்தேன். மூன்றாவதை என் கண்முன்னாலேயே கிழித்துச் சேவலுக்குப் போட்டார். அடுத்த வாரம் ஸ்டீபன் போனான். ஒரே நாளில் சேவல் இடம் மாறிவிட்டது.

“என்னல செய்த?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் செய்யல்ல அண்ணாச்சி. ஒரு சாயா குடிச்சேன். சேவலுக்க பெருமைய அரை மணிக்கூறு கேட்டேன். இவ்வளவு நல்ல சேவல இந்தக் கொஞ்சூண்டு முற்றத்துல கெட்டிப் போட்டிருக்கியளே சார், அதுக்கு ஓட எடம் வேண்டாமான்னேன். அவரே இராஜாக்கமங்கலத்துல மச்சினனுக்க தோட்டத்துல கொண்டு விட்டுட்டாரு.”

செல்லத்துரை சார் வயிறு குலுங்கச் சிரித்தார். “வேய் தாணு, மூணு நோட்டீஸுக்கும் சேவலுக்கு வயிறாவது நெறஞ்சுதா?” என்றார். அலுவலகமே சிரித்தது. ஸ்டீபன் மட்டும் சிரிக்கவில்லை. அவனும் சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிறகு அவனே கோழி வளர்க்கத் தொடங்கினான். வாடகை வீட்டின் பின்புறத்தில், கிணற்றிலிருந்து விலகி, தரைக்கு மேலே கால் வைத்த கூடு. அடியில் எச்சத்தை அள்ள ஒரு தகடு, வாசலில் செருப்பை நனைக்கப் பிளீச்சிங் கலந்த தட்டு, பக்கத்திலேயே சோப்பு. அந்தச் சோப்பு எப்போதும் ஈரமாக இருக்கும். கோழி வளர்க்க யோசனை கேட்டு வருகிறவர்களைச் செல்லத்துரை சார் அங்கே அனுப்புவார். “ஸ்டீபனுக்க கூட்ட ஒருக்கா பாத்துட்டு வாங்க, பொறவு பேசுவோம்.” விதிகளை வரிவரியாக அறிந்தவன் நான். அவற்றைக் கண்ணால் பார்க்க எல்லோரும் போனது அவன் வீட்டுக்கு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகளும் அங்கே போகத் தொடங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீலாவுக்கு அப்போது பதினொரு வயது. எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே பிள்ளை. அவளுடைய டியூஷன் வகுப்பு ஸ்டீபன் வீட்டுத் தெருவில். அவனுக்கும் ஜெசிந்தாவுக்கும் பிள்ளைகள் இல்லை. வகுப்பு முடிந்ததும் அங்கே போய் முட்டை எடுப்பது, கோழிகளுக்குப் பெயர் வைப்பது, கூட்டைக் கழுவுவது. வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவாதவள். சோறு சாப்பிடும்போது, “ஸ்டீபன் மாமா சொன்னாவ” என்று தொடங்கினால் நிறுத்த மாட்டாள். என் வேலையைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கோழிக்கு மூன்று வாரத் தனிக்கூடு எதற்கு என்று அவள் எனக்கே ஒரு நாள் விளக்கினாள். ஸ்டீபன் மாமா சொல்லித் தந்தாராம்.

“இனி அங்க போவப்பிடாது” என்றேன்.

“ஏன்ப்பா?”

காரணம் சொல்ல முடியாததால் அதட்டினேன். அவள் அழுதாள். மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிளில் கூடை கட்டி விற்றுக்கொண்டிருந்தவரிடம் மூன்று குஞ்சுகள் வாங்கினேன். சாயத்தில் முக்கி எடுத்த குஞ்சுகள். ஒன்று ரோஸ், இரண்டு பச்சை. எங்கிருந்து வந்தவை, மருந்து விட்டவையா என்று நான் கேட்கவில்லை. பிள்ளை இனி வீட்டில் இருப்பாள் என்பது மட்டும்தான் என் நினைப்பில் இருந்தது.

என் மனைவி பகவதி கூடையை எட்டிப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் தனிக்கூடு, தடுப்பு மருந்துன்னு வெளம்புதியளே. இதுக்கு யாரு மருந்து விட்டா?”

“குஞ்சுதானட்டீ” என்றேன்.

ஐந்தாம் நாள் ரோஸ் குஞ்சு செத்தது. ஆறாம் நாள் பச்சையில் ஒன்று. பின்புறமெல்லாம் வெள்ளையாகக் கழிந்து ஒட்டியிருந்தது. அடுத்தடுத்து இரண்டு. என்ன செய்ய வேண்டும் என்று இந்த மாவட்டத்திலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் மருத்துவரைக் கூப்பிட்டால் செல்லத்துரை சாருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் ஸ்டீபனுக்குத் தெரியும். தாணு வாங்கிய குஞ்சு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்று அலுவலகத்தில் ஒரு சிரிப்பு எழும். இரண்டையும் பின்புறத் தென்னையின் அடிமூட்டில் ஒரு முழம் தோண்டிப் புதைத்தேன். சுண்ணாம்பு போடவில்லை. மூன்றாவதைப் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று நீலா சொன்னாள். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

அதன்பிறகு பத்து நாள்கூட ஆகவில்லை, அந்த ஆறு நாற்பது தொலைபேசி வந்தது.

நான் புறப்படும்போது நீலா பள்ளிச் சீருடையில் சுவரோடு தலையைச் சாய்த்து நின்றாள். தலை கனமாக இருக்கிறது என்றாள். “ஸ்கூலுக்குப் போனா செரியாயிரும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். செல்லத்துரை சார் கூட்டத்துக்காக மாவட்டத் தலைமையிடம் போயிருந்தார். அன்றைக்குப் பொறுப்பு என்னிடம்.

ஸ்டீபன் முகத்தில் துணி கட்டி, கையுறை போட்டு நின்றான். செத்த கோழிகள் இரட்டைப் பையில் இருந்தன. கேட்டைப் பூட்டியிருந்தான், மருத்துவருக்கும் சொல்லியிருந்தான். செய்ய வேண்டியது எல்லாம் நான் வருமுன்பே முடிந்திருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

“உள்ள வராதிய அண்ணாச்சி. தட்டுல செருப்ப முக்கிட்டு அங்கயே நில்லுங்க.”

“எனக்குத் தெரியும்” என்றேன். நோட்டீஸை எடுத்து அவன் கேட்டில் ஒட்டினேன். தெருவில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள்.

“டாக்டர் வந்து பாத்த பொறவு ஒட்டினா போராதா?”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் ஸ்டீபா.”

இதைச் சற்று உரக்கவே சொன்னேன். பிறகு படிவத்தை எடுத்தேன். கடந்த ஒரு மாதத்தில் புதுப் பறவைகள் வந்தனவா? அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். “இல்ல” என்றான். எழுதிக்கொண்டேன். கடந்த பத்து நாட்களில் பறவைகளைத் தொட்டவர்கள்?

“நான். ஜெசிந்தா.”

“வேற?”

“அண்ணாச்சி, கொஞ்சம் அங்கோடி மாறி நிப்போமா? ஆளுவ நிக்காவ.”

“ஒளிச்சு வைக்கதுக்கு என்ன இருக்கு? இங்கயே சொல்லு.”

“நீலா” என்றான்.

“எந்த நீலா?”

“உங்க நீலாதான். நேத்து சாயங்காலமும் வந்தா. சொணங்கிக் கெடந்த கோழிய மடியில வச்சிட்டிருந்தா. விடு மக்களேன்னு சொன்னேன், கேக்கல்ல.”

அந்தப் பெயரை நான் எழுதவில்லை. பேனா எங்கே விழுந்தது என்று தெரியாது. பள்ளிக்கு எப்படிப் போனேன் என்பதும் சரியாக நினைவில்லை. தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் படுத்திருந்தாள். நெற்றியில் கை வைத்தால் சுட்டது.

அரசு மருத்துவமனையில் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கோழிகளின் மாதிரியும் வெளியூர் ஆய்வகத்துக்குப் போயிருந்தது. முடிவு வரும்வரை பிள்ளையைத் தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும், மூச்சுத் திணறினால் உடனே கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டர். தனித் தட்டு, தனித் துணி, முகத்துக்கு மூடி. நாள் முழுவதும் அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். இருமல் சத்தம் போனில் கேட்டால் இன்றும் நான் எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் பாதி திறந்த கதவுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

“அப்பா, வையாம இருப்பியளா? ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு மக்களே.”

“பச்சக் குஞ்சப் பூன கொண்டு போவல்ல. அது தூங்கித் தூங்கி விழுந்துது. டிபன் பையில வச்சு மாமா வீட்டுக்குக் கொண்டு போனேன். மாமா தொட விடல்ல. கெணத்துக்கு அந்தப் பக்கம் தனிக் கூடையில வச்சாவ. மூணு வாரம் ஆவட்டும்னு சொன்னாவ.”

“பொறவு?”

“மறுநாள் நான் போனப்போ மாமா வீட்டுல இல்ல. குஞ்சு நடுங்கிச்சுப்பா. ஒத்தைக்குக் கெடந்து நடுங்கிச்சு. நான் எடுத்து அடைகோழிக்க செறகுக்குள்ள வச்சேன். அது ஒண்ணும் கொத்தல்ல. நல்லாத் தூங்கிச்சு. மாமா வரதுக்குள்ள திரும்பக் கூடையில கொண்டு வச்சிட்டேன்.” போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். “நான் கொண்டுபோனது உங்ககிட்டச் சொல்லப்பிடாதுன்னு மாமாட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்.”

அந்த ஒரு நொடிப் பார்வை எனக்கு அப்போது விளங்கியது. ‘இல்ல’ என்று அவன் சொன்ன பொய், என் பிள்ளைக்காகவும், தெருவில் கூடியிருந்தவர்கள் முன்னால் எனக்காகவும் சொன்னது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: அப்போது எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. பொய் சொல்வதில்கூட அவன் என்னைவிட நல்லவனாகிவிட்டானே என்ற எரிச்சல்தான். அந்த எரிச்சலோடே எழுந்து போய்ச் செல்லத்துரை சாருக்குப் போன் செய்தேன். தென்னை மூட்டில் புதைத்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். வாசலில் நின்று கையை நீட்டினார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தேன். பின்புறம் போனார். காற்றைப் பார்த்தார். குஞ்சுகள் இருந்த பழைய மரப்பெட்டியின் மணலை அள்ளிப் பிசைந்தார். தீவனம் எங்கே என்றார். சாக்கில் இருந்தது. கிணற்றிலிருந்து பெட்டிவரை நாடாவின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். பிறகு படிவத்தை என் கையில் தந்து, பேனாவையும் தந்து, எதிரே நின்றார்.

“எழுதுங்க. வீட்டு உரிமையாளர் பேரு?”

“சார்...”

“பேரு என்ன?”

“தாணு.”

“எழுதுங்க. தொழில்?”

எழுதினேன்.

“பறவை வாங்கின எடம்? தடுப்பு மருந்து விட்டதா? தனியா வச்சதா? செத்தது எத்தன? எத்தனாம் நாளு? யாருக்குத் தெரிவிச்சிய?”

ஒவ்வொன்றுக்கும் பதிலை நானே வாயால் சொல்லி நானே எழுத வேண்டியிருந்தது. ‘யாருக்கும் தெரிவிக்கவில்லை’ என்றும் எழுதினேன். கடைசியாக, “கோழியத் தொட்டா எங்க போய் கை கழுவுவிய?” என்று கேட்டார். நான் காட்டினேன். சோப்பு இல்லை.

என் வீட்டுக்கான நோட்டீஸை நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அவர் புறப்படும்போது சொன்னார்: “பொய் சொன்னதுக்கு ஸ்டீபனுக்கு மெமோ உண்டு. ஆனா அவன் மறச்சது சீக்கான ஒரு குஞ்ச. நீரு மறச்சது ரெண்டு சாவு. அது தெரிஞ்சிருந்தா அவன் அந்தக் குஞ்ச வீட்டுக்குள்ள விட்டிருப்பானா? இத நானே அவன்கிட்டச் சொல்லப் போறேன்.”

மூன்றாம் நாள் நீலாவுக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் முடிவு வராமல் யாரும் மூச்சு விட முடியாது. அந்த நாட்களில் ஸ்டீபன் வீட்டில் இளங்கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அவற்றுக்குத் தடுப்பூசி போட வேண்டிய முகாம் அந்த வாரச் சனிக்கிழமைதான் இருந்தது. முன்பே ஊசி போட்டிருந்த மூன்று பழைய கோழிகள் மட்டும் மிஞ்சின. நீலா தினமும் கேட்டாள். பகவதி மறைக்காமல் சொன்னாள். பிள்ளை சாப்பிடுவதை நிறுத்தினாள். காய்ச்சல் போன பிறகும் சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்தாள். நான் போய், “உன்மேல தப்பு இல்ல மக்களே, அப்பாமேலதான்” என்று எத்தனையோ தடவை சொன்னேன். நான் சொன்னது எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் கால்நடை மருத்துவர் கூப்பிட்டார். பறவைக் காய்ச்சல் இல்லை, கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல், மனிதருக்குப் பயப்படும்படியாக ஒன்றும் இல்லை என்றார். சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்தும் அதே நல்ல செய்தி வந்தது. பகவதி உட்கார்ந்து அழுதாள். உள்ளே போய்ச் சொன்னோம். நீலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டீபன். அத்தனை நாளும் அவன் முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்தேன். அவன் திட்டினால் ஒன்று, மன்னித்தால் வேறொன்று. வாசலில் அவனுக்கு முன்னால் போய் நின்று, “ஸ்டீபா” என்று தொடங்கினேன்.

அவன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினான். முகத்தில் நான் இதுவரை பார்த்திராத கோபம் இருந்தது.

“ஒண்ணும் பேசாதிய. நான் உங்களப் பாக்க வரல்ல. கோழி செத்ததுக்கு அவதான் காரணம்னு பிள்ள சோறு தண்ணி இல்லாம கெடக்காளாம், பகவதி அக்கா போன்ல சொன்னாவ. எனக்கு அவகிட்டத்தான் பேசணும். வாசல விட்டுத் தள்ளி நில்லுங்க.”